செயலாளரின் ஆண்டறிக்கை: புயலுக்குப் பின் நம் மரங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டைப் புயல் எடுத்துக்கொண்டது. என் அறிக்கையும் அதைப் பற்றியதே.

காற்று ஓய்ந்த மறுநாளே ரம்பத்தோடு கிளம்பிவிட்டோம். அந்த அவசரத்துக்குச் சில மரங்கள் விலை கொடுத்தன என்பதைப் பதிவுசெய்கிறேன்.

முறிந்த கிளைகளை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தோம். பாதியிலேயே பாரம் தாங்காமல் கிளை சரிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழுந்தது. பிறகே மூன்று வெட்டு முறைக்கு வந்தோம். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் பாதி வரை ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. மிஞ்சிய கட்டையை, கிளை புறப்படும் இடத்திலுள்ள புடைத்த வளையத்துக்கு வெளியே ஒட்டி மூன்றாவது. வளையத்தை வழித்துவிடக் கூடாது. காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது.

வெட்டுவாயில் தார் பூசுவதை நிறுத்தியதில் மூத்த உறுப்பினர்களுக்கு வருத்தம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக அறுத்துப் பார்த்தே சொன்னார்: மரம் அழுகலைச் சுற்றித் தடுப்புக் கட்டி அடைத்துவைக்கிறது, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை.

உச்சியை மொட்டையடிக்கக் கோரிய கடிதங்களை ஏற்கவில்லை. மொட்டையடித்த இடத்தில் கிளம்பும் போத்துகளுக்குப் பிடிமானம் குறைவு. அடுத்த காற்றில் முதலில் ஒடிபவை அவையே.

சாய்ந்த இளமரங்களின் வேரை ஈரச்சாக்கால் மூடி, நிமிர்த்தி, கழி நட்டுக் கட்டினோம். கம்பிக்கட்டு பட்டையை அறுத்ததால் அகலத் துணிப்பட்டைக்கு மாறினோம். வேரடி மண் பிளந்து எழும்பிய பெரிய மரங்களை அகற்றுவது தவிர வேறு வழியில்லை. மின்கம்பிமேல் சாய்ந்தவற்றை மின்துறைக்கு விட்டுவிட்டோம்.

இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாய் நின்ற மரங்களைப் பட்டுப்போனவை என்று முதல் வாரத்தில் வெட்டியது நம் பெரும்பிழை. சிறுகிளையை நகத்தால் கீறிப் பார்த்திருந்தால் பச்சை தெரிந்திருக்கும். பின்னர் அப்படிப் பார்த்து விட்டுவைத்தவை தழைத்துவிட்டன. வெட்டியவற்றின் அடிக்கட்டைகளும் துளிர்த்திருக்கின்றன. அவ்வழியே போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கழிகளை ஓராண்டு நிறைவதற்குள் அவிழ்ப்பது புதிய செயற்குழுவின் பொறுப்பு. பட்டியல் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்