230 வோல்ற் சராசரி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வந்த ஆடலோட்டம் (AC) பற்றிய கட்டுரை, வீட்டுக்கு வரும் 230 வோல்ற் என்பது ‘சராசரி அழுத்தம்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. உப்புவெளியில் மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் நான் அதைப் படித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் மறுநாளே உயர்தர மாணவன் ஒருவன், கையால் சுழற்றிவிட்டால் மட்டும் ஓடும் கூரை மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து, நான் கழற்றிப் போட்ட 2.5 மைக்ரோபரட் கண்டென்சரைத் திருப்பிப் பார்த்து, “ஐயா, வாறது 230 எண்டால் இதிலை ஏன் 440 எண்டு போட்டிருக்கு?” என்று கேட்டான்.

இலங்கையில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை முழுச் சுற்று அடிக்கிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். அதில் பாதி நேரம் நேர்ப்பக்கம், பாதி நேரம் மறைப்பக்கம் என்பதால் சராசரி பார்த்தால் பூச்சியமே வரும். 230 என்பது கணத்துக்குக் கணம் உள்ள அழுத்தத்தை வர்க்கித்து, இடை கண்டு, வர்க்கமூலம் எடுத்த பெறுமானம். அதாவது ஒரு ஹீற்றர் கம்பியை 230 வோல்ற் நேரோட்டம் (DC) எவ்வளவு சூடாக்குமோ அவ்வளவு சூடாக்கும் ஆடலோட்டம். அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்.

அந்த 325-ஐத் தாங்கத்தான் 440 என்று மாணவன் தானே விடையும் சொன்னான். அது பாதி விடைகூட அன்று. ஏனெனில் கண்டென்சரில் பொறித்துள்ள 440-உம் அதே வர்க்க இடைமூல அளவுதான். உண்மைக் காரணத்தை அவனுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். 30 ஓம் தடை, 60 ஓம் தாக்கமுள்ள (ஆடலோட்டத்துக்கு அவ்வளவு எதிர்ப்புக் காட்டும்) சுருள், 100 ஓம் தாக்கமுள்ள கொள்ளளவி, அதாவது கண்டென்சர் (கணக்குக்கு வசதியான எண்கள், விசிறியினுடையவை அல்ல) மூன்றையும் தொடராக 230 வோல்ற்றில் இணைத்தால் 4.6 அம்பியர் ஓடும். தடைக்குக் குறுக்கே 138 வோல்ற், சுருளுக்கு 276, கொள்ளளவிக்கு 460! வழங்கியதைப்போல் இரு மடங்கு அழுத்தம் ஓர் உறுப்பின் மேல் நிற்கிறது. சுருளின் அழுத்தம் ஓட்டத்துக்கு 5 மில்லிசெக்கன் முந்தியும் கொள்ளளவியின் அழுத்தம் 5 மில்லிசெக்கன் பிந்தியும் உச்சம் தொடுவதால், ஒன்று மேட்டில் நிற்கும்போது மற்றது பள்ளத்தில் கிடக்கும். ஆகவே அவ்விரண்டையும் கழித்து 184 என்றும், அதைத் தடையின் 138-உடன் செங்கோண முக்கோணமாகச் சேர்த்து 230 என்றும் கொள்ளவேண்டும். பைதகரசுக்கு என் கடையில் வேலை இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

விசிறியிலும் கண்டென்சர் துணைச் சுருளுடன் தொடராகவே நிற்கிறது. 230-க்கு 250 போதும் என்று மலிவான ஒன்றை வாங்கிப் போட்டவர்களின் விசிறிகள், வயிறு ஊதிய கண்டென்சரோடு சில மாதங்களில் என் மேசைக்கே திரும்பி வருவது இதனால்தான்.

பரீட்சை நெருங்கும் வேளையில் பிள்ளைகள் அந்த வரியை மனனம் செய்துவிடாதபடி, அடுத்த மாணவர் பக்கத்தில் திருத்தம் ஒன்றை, முடிந்தால் மேற்சொன்ன முக்கோணத்தை வரைந்து, வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.