மழைக்கு முன் ஆறு டிரம்களை நிரப்ப உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யம் பகுதிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு சார்பில் இந்த வேண்டுகோளை எழுதுகிறேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உப்பளத்துக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், நாலு தென்னையும் கொஞ்சம் மாவும் வைத்துப் பிழைப்பவர்கள். பள்ளி மூடிக்கிடக்கும் நாட்களிலும் ஆசிரியர்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வந்து பாடம் சொல்லித்தர வேண்டிய பொருட்களை, தண்ணீர் புகாத ஆறு டிரம்களில் நிரப்பி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஊரின் ஆறு தெருக்களில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். மொத்தச் செலவு 90,000 ரூபாய். எங்களுக்குள் 21,500 ரூபாய் சேர்த்துவிட்டோம். மீதி 68,500 ரூபாய்க்காக உங்களிடம் வருகிறோம்.

நம் ஊர்ப் பள்ளி எத்தனை முறை மூடப்பட்டிருக்கிறது என்பதை வெளியூரில் இருப்பவர்களும் அறிவீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் தலைமேல்தான் கரையேறியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. விளக்கெரிய வாரக்கணக்கில் ஆனது. பள்ளியின் ஓடுகள் பறந்துபோயின. ஓடு தப்பிய இரண்டு அறைகளில் வீடிழந்த குடும்பங்கள் தங்கின. அது அப்படித்தான் ஆக வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழை விட்ட பிறகும் பள்ளியைத் திறக்க முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 2020 நவம்பர், டிசம்பரில் நிவரும் புரெவியும் அடுத்தடுத்து வந்தபோது பள்ளி கொரோனாவால் ஏற்கெனவே பூட்டித்தான் கிடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மூடிய கதவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள். மூன்றாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்குப் போன பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

என் மகள் அப்படி வந்து உட்கார்ந்தவள்.

வீட்டில் ஒரே ஒரு செல்பேசி. அவள் அப்பா விடியும் முன்பே உப்பளத்துக்குக் கிளம்பும்போது அதுவும் சட்டைப் பையில் போய்விடும். டீச்சர் காலையில் அனுப்பிய பாடத்தை அவர் வீடு திரும்பிய பிறகுதான் பார்க்க முடியும். அதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். கடலுக்குப் போகிறவர் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம், செல்பேசி கரைக்குத் திரும்பவே மறுநாள் ஆகும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, நல்ல பாடம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மின்சாரம் இருக்க வேண்டும், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேறு ஆள் இருக்க வேண்டும், புரியாவிட்டால் நிறுத்திக் கேட்க ஒருவர் வேண்டும். பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருந்தது. அதைப் படம் பிடிக்கும் செல்பேசி உப்புப் பாத்திக்குள் நின்றிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாளில், பையோடு பயிற்சித்தாளும் கொடுத்து அனுப்பினார்கள். ஜெராக்ஸ் செலவு யார் கொடுத்தது என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஐந்து பேரும் சம்பளத்திலிருந்து போட்டிருக்கிறார்கள். ஒரு டீச்சர் வேப்பமரத்துக்கும் பூவரச மரத்துக்கும் இடையே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் தாள்களை மாட்டிவிட்டு, எட்டி நின்றே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஒருநாள் என் மகளின் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு இலக்கப் பெருக்கல், பன்னிரண்டு கணக்குகள். அவள் பென்சிலால் போட்டு, அழித்து, மறுபடியும் போட்டிருந்தாள். அவள் முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப்போய் அழித்துவிட்டுப் போட்டான். திரும்பி வந்ததும் இவள் மீண்டும் அழித்தாள். ஏழாவது கணக்கில், விடை எழுத வேண்டிய கட்டத்தில், தாள் தேய்ந்து தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குக் கீழே தரையில் சாக்கட்டியால் விடையை எழுதி வைத்திருந்தாள். சரியான விடை.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்க மனமில்லை என்று இனி யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் முதலில் காட்டியது அதைத்தான். அழித்து அழித்து எழுதத்தக்க லேமினேஷன் அட்டைகள் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

2021 அக்டோபர் இறுதியில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்களுக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, அதே தெருவில் வளர்ந்த ஒரு பெண் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பாதி இழப்பைச் சரிக்கட்டிவிடலாம். அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு உழைத்த தன்னார்வலர்களில் நான்கு பேர் இன்றும் ஊரில் இருக்கிறார்கள், இந்தத் திட்டத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள். வெள்ளம் சூழ்ந்து ஆசிரியர் வர முடியாத நாளில் டிரம்மைத் திறந்து பாடத்தைத் தொடங்குவது அவர்கள் பொறுப்பு.

டிரம் என்றதும் சிலர் வியக்கிறார்கள். முதலில் நாங்களும் இரும்புப் பெட்டி என்றுதான் எழுதினோம். குழுவில் இருக்கும் மீனவர் ஒருவர், "உப்புக் காற்றில் ரெண்டு வருஷம் தாங்காது, கீல் இற்றுப்போகும், தண்ணீரும் உள்ளே போகும்" என்றார். கஜாவில் பள்ளி பீரோவுக்குள் இருந்த நூலகப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். படகில் மாற்றுத்துணியும் தீப்பெட்டியும் வைக்கிற அந்த நீல நிற டிரம், மூடியின் மேல் வளையம் போட்டு இறுக்கிவிட்டால் கடலில் விழுந்தாலும் உள்ளே சொட்டு நீர் இறங்காது. பள்ளியே நிவாரண முகாமானாலும், புயல் பாதுகாப்பு மையத்துக்குக் குடும்பத்தோடு போக நேர்ந்தாலும், ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஒவ்வொரு டிரம்மிலும் என்ன இருக்கும் என்று ஆசிரியர்கள் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து திட்டமிட்டார்கள். வகுப்புவாரியாகப் பாடம் பிரிக்க வேண்டாம் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் இருக்கும், கதை வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்களே, அதே முறையில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் அட்டைகள் தயாராகின்றன. பிள்ளை எந்த அட்டையை முடித்தது, எங்கே தடுமாறியது என்று எழுதி வைக்க டிரம்மிலேயே ஒரு குறிப்பேடு இருக்கும். இன்று ஒரு டீச்சரும் நாளை ஒரு தன்னார்வலரும் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அண்ணன் உப்பளத்துக்குப் போய்விட்டு மாலையில் வந்தாலும், அக்கா தம்பியைத் தூங்க வைத்துவிட்டு வந்தாலும், தன் அட்டையை எடுத்துக்கொண்டு உட்காரலாம். எல்லோரும் பத்து மணிக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒலிப்பதிவுகள். அரசு கொடுத்த கைக்கணினியில் எங்கள் ஆசிரியர்களே பாடல்களையும் கதைகளையும் வாய்ப்பாட்டையும் பேசிப் பதிவு செய்து மெமரி கார்டில் ஏற்றுகிறார்கள். சிறிய ஸ்பீக்கரில் போட்டால் போதும், டவரும் வேண்டாம் டேட்டாவும் வேண்டாம். புயலுக்குப் பிறகு முதலில் போவதும் கடைசியில் வருவதும் அவை இரண்டும்தானே. சோதனைக்காக ஒரு மாலை கிழக்குத் தெருவில் போட்டுக் காட்டினோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஸ்பீக்கரைச் சுற்றி வந்து, "டீச்சர் எங்க?" என்று பின்பக்கம் தேடியது.

இனி கணக்கைச் சொல்கிறேன். ஒரு டிரம்முக்கு, டிரம் 700, கதைப் புத்தகங்கள் 60-க்கு 2,400, ஸ்பீக்கரும் மெமரி கார்டும் 1,500, சூரிய ஒளி விளக்கு 1,200, சுருட்டி வைக்கும் கரும்பலகை 300, உட்காரத் தார்ப்பாய் 1,000, தெருவுக்கு 23 பிள்ளைகள் வீதம் சிலேட்டுக்கு 1,150. ஆக 8,250 ரூபாய். ஆறு டிரம்முக்கும் 49,500. இவை போக, கறுப்பு வெள்ளை பிரிண்டர் ஒன்று 16,000, தாளும் மையும் 12,000, லேமினேஷன் அட்டைகள் 8,000, ஐந்து ஆசிரியர்களுக்கும் மழைக்கால மூன்று மாத ரீசார்ஜ் 4,500. ரீசார்ஜை ஆசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். நாங்கள்தான் சேர்த்தோம். இனியும் அவர்கள் பையிலிருந்து எடுக்க விடுவது நமக்கு அழகில்லை.

அரசு இவ்வளவு செய்கிறதே, இன்னும் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புத்தகமும் நோட்டும் இலவசமாக வருகின்றன, ஸ்மார்ட் வகுப்பறை வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் பள்ளிக்குள் இருக்கின்றன, பள்ளியில் பூட்டு தொங்குகிறது. கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு இந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் போகாது. அவற்றை அரசிடம்தான் கேட்கிறோம், தொடர்ந்து கேட்போம்.

நம் மண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்க வேதாரண்யம் நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று வெள்ளைக்கார ஆட்சியர் ஆணை போட்டார். மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று தெரியாது, ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. டீச்சர் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டிய அன்று, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இந்தக் கதையைத்தான் சொன்னார்.

ஒரு தெருவின் டிரம்மை முழுதாக ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் 8,250 ரூபாய் தரலாம். ஒன்றாகப் படித்த நண்பர்கள் சேர்ந்து ஒரு டிரம்மை எடுத்துக்கொண்டாலும் மகிழ்ச்சி. 50 ரூபாய் ஒரு பிள்ளைக்குச் சிலேட்டு, 40 ரூபாய் ஒரு கதைப் புத்தகம். எந்தத் தொகையும் சிறிதல்ல, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. பொருளாகத் தர நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய பாடப்புத்தகங்களும் ஓடாத கணினிகளும் வேண்டாம், வைக்க இடமில்லை. பிள்ளைகள் வாசிக்கும் நல்ல நிலையில் உள்ள தமிழ்க் கதைப் புத்தகங்கள் எத்தனை வந்தாலும் வரவேற்போம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும், அதற்கான பதிவு எங்களிடம் இல்லை. அவர்கள் பணம் அனுப்ப வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது ஒரு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசித்தால் அதுவே பெரிது. வருமான வரி விலக்குச் சான்றும் எங்களால் தர இயலாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வங்கிக் கணக்கு தலைமையாசிரியர் பெயரிலும் குழுத் தலைவியான என் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்க முடியாது. கணக்கு எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டாரை அனுப்பிப் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். செல்பேசியில் கியூஆர் கோடு அனுப்பி இந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அது நாங்கள் இல்லை. வரவு செலவு முழுவதும் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வாசிக்கப்படும், பில்களை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

செப்டம்பர் 30-க்குள் தொகை வந்து சேர்ந்தால்தான் ஆயுத பூஜைக்கு முன் அச்சு வேலை முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடும். அதற்குள் அட்டைகளை அடுக்கி, விளக்குகளை வெயிலில் வைத்துச் சார்ஜ் ஏற்றி, ஆறு டிரம்களையும் ஆறு வீடுகளில் ஒப்படைக்க வேண்டும். தொகை குறைந்தாலும் வேலை நிற்காது. அப்போது தாழ்வான தெருக்கள் மூன்றுக்கு முதலில் டிரம் போகும், மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டியிருக்கும். கிழக்குத் தெரு டிரம்முக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் ஒதுக்கி, தண்ணீர் ஏறாத உயரத்தில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு