ஆறு மீட்டர் கயிறும் ஓர் ஆட்டு நுரையீரலும்: ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

தக்கலைக்கு மேற்கே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதக் கண்காட்சியில் எங்கள் பிள்ளைகள் வைத்திருந்த மூச்சு மண்டலத்தையும் செரிமான மண்டலத்தையும் பார்த்தவர்கள், இதையெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் உதவவில்லை. மற்றதெல்லாம் நீங்கள் தந்தவை.

அந்த ஒன்று, ஒரு பிளாஸ்டிக் உடல் மாதிரி. பெட்டியைத் திறந்தால் மூன்று மடல் நுரையீரல் இடப்பக்கமும் இரண்டு மடல் நுரையீரல் வலப்பக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. இதயத்துக்கு இடம் விட்டு இடது நுரையீரல் சிறுத்திருக்கும் என்று பாடம் நடத்திவிட்டு இதை எப்படி மேசையில் வைப்பது? விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

முதல் நன்றி கறிக்கடை அண்ணனுக்கு. குரல்வளையிலிருந்து நுரையீரல் வரை எங்கும் அறுபடாமல் எடுத்து, வாழையிலையில் பொதிந்து, விடியற்காலையில் பள்ளி வாசலுக்கே கொண்டுவந்தீர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் மூச்சுக்குழலைத் தடவிப் பார்த்தார்கள். முன்பக்கம் வளையம் வளையமாகக் குருத்தெலும்பு; பின்பக்கம் விரலை வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. மனிதருக்கும் அப்படித்தான். பதினாறிலிருந்து இருபது வரை வளையங்கள் உண்டு, ஒன்றுகூட முழு வட்டம் இல்லை. பின்னால் ஒட்டி ஓடும் உணவுக்குழலில் கவளம் இறங்கும்போது அது புடைக்க இடம் வேண்டுமே.

சைக்கிள் பம்பால் காற்றடித்ததும் சுருங்கிக் கிடந்த நுரையீரல் ரோஜா நிறத்தில் எழும்பியது. பின்வரிசைப் பெண் ஒருத்தி பயந்து பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள். அப்போது அண்ணன் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்: குழல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலப்பக்கம் தனியாக ஒரு கிளை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, மனிதருக்கு இல்லை. பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிற நான் அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பிறகு வாளித் தண்ணீரில் ஈரல் துண்டைப் போட்டார், மூழ்கியது. நுரையீரல் துண்டைப் போட்டார், மிதந்தது. அழுத்தினால் வெட்டுவாயில் நுரை கக்கியது. பெயர் வைத்தவர்கள் கறி வெட்டிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மனித நுரையீரலில் அந்த நுரையின் குமிழிகள், அதாவது காற்று நுண்ணறைகள், முப்பது கோடிக்கும் மேல்.

குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் அனுப்பிய தோட்டக்கார மாமாவிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். நுரையீரலுக்குப் பதில் பலூன்கள் வைத்த, அடி வெட்டிய பாட்டிலுக்கு அதைத்தான் உதரவிதானமாக, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையாக, கட்டினோம். தடிப்பு அதிகம், எவ்வளவு இழுத்தும் உள்ளிருந்த பலூன்கள் அசையவில்லை. கடைசியில் மிஞ்சிய கையுறை ஒன்றை வெட்டி இழுத்துக் கட்டினோம். கீழே இழுத்தவுடன் இரண்டு பலூனும் விரிந்தன. காற்று புகுவதால் மார்பு விரிகிறது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள், நடப்பது நேர்மாறு. மார்பு விரிவதால்தான் காற்று புகுகிறது. தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மாமா சிரித்தார்: "கையுறையும் ரப்பர் பாலில் செய்ததுதானே டீச்சர், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்." வைத்துக்கொண்டேன்.

கயிறு திரிக்கும் அக்காக்கள் ஆறு மீட்டர் மெல்லிய கயிறும் ஒன்றரை மீட்டர் தடித்த கயிறும் தந்தார்கள். சிறுகுடல் எது என்றால் பிள்ளைகள் குட்டையானதைக் காட்டினார்கள். சிறுமை விட்டத்தில்தான், நீளத்தில் இல்லை. (ஆறு மீட்டர் என்பது இறந்த உடலில் அளந்த கணக்கு. உயிருள்ள உடலில் தசை இறுக்கத்தால் அது குறைவாகவே இருக்கும். இதைக் கேட்ட ஒரு பையன் கயிற்றை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்துவிட்டான்.)

கடியபட்டணத்துச் சிப்பி எடுக்கும் அண்ணன் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்தார். எவ்வளவு நேரம் மூச்சடக்குவீர்கள் என்று பிள்ளைகள் துளைத்தார்கள். எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் குளத்தில் போய் முயன்று பார்ப்பார்கள் என்றார். முங்குமுன் வேகவேகமாக மூச்சிழுக்கக் கூடாது என்று மட்டும் மூன்று முறை சொன்னார். காரணத்தை நான் சொன்னேன்: நமக்கு மூச்சு முட்டவைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவல்ல, சேர்ந்துபோகும் கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சுவிட்டு அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் முட்டல் பிந்திவரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பலாம். அவர் தலையாட்டிவிட்டு, "பத்து மீட்டர் போனால் நெஞ்சு பாதியாகும்" என்றார். அங்கே அழுத்தம் இரட்டிப்பு, அடக்கிய காற்றின் பருமன் பாதி. சரியாகத்தான் சொன்னார்.

கடைசியாக, பள்ளிக்கு எதிர்வீட்டுப் பாட்டி. மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தந்தீர்கள். பிள்ளைகள் அதை மென்று விழுங்காமல் கண்ணாடிக் குவளையில் துப்பியதும் உங்கள் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. மெல்லாத கிழங்கில் அயோடின் விட்டால் கருநீலம். மென்று சற்று நேரம் வைத்ததில் அந்த நிறம் மங்கிவிட்டது, உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிட்டதால். அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் கோபம் ஆறியது. மீன்குழம்போடு மறுபடி வந்தீர்கள். அவசரமாகத் தின்ற ஒருவனுக்குப் புரையேறியது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டினீர்கள். எல்லோரையும் தொண்டையில் கை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னேன். குரல்வளை மேலேறுவதும் இறங்குவதும் விரலுக்குத் தெரிந்தது. அது ஏறும்போது குரல்வளையின் மூடி அதன்மேல் கவிந்து மூச்சுக்குழலை அடைக்கிறது. தின்றுகொண்டே பேசினால் அந்த நேரக்கணக்கு தவறிப்போகிறது.

பாட்டி, உங்கள் அலுமினியப் பானை ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அயோடின் கறை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்துச் சனிக்கிழமை அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய அறிவியல் டீச்சரும்