செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: பெண் பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிக் குழு, மார்க்கம், ஒன்ராறியோ, கனடா

தலைவி அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பிள்ளைகளின் அம்மா அப்பாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு ஆறு தடவை கூடியது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், ஆகவே நான் அதற்குள் போகவில்லை. இந்த வருடம் எங்களின் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே வேலை எடுத்துக்கொண்டது. கனடாவில் பெண்களின் ஐஸ் ஹொக்கி லீக்குகள் எப்படித் தொடங்கி, எப்படி மூடப்பட்டு, மறுபடி எப்படி எழும்பின என்ற வரலாற்றைத் தமிழில் எழுதி, படங்களோடு ஒரு நாள் கண்காட்சியாக வைத்தோம்.

அந்த வேலை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை விடியற்காலைப் பயிற்சி முடிந்து, உடை மாற்றும் அறையில் ஒரு பிள்ளையின் ஸ்கேட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கயிறு நனைந்து இறுகி, நகத்தால் கிளப்பினாலும் வராமல் கிடந்தது. பிள்ளை கேட்டாள்: "அன்ரி, ஸெப்ரர்ஸுக்கு முதல் எங்கட பக்கம் பொம்பிளையளின்ர ரீம் இருக்கேல்லையோ?" ஸெப்ரர்ஸ் என்பது ரொறன்ரோவின் இப்போதைய பெண்கள் அணி. இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் நான் சொன்னது பிழை என்று தெரிந்தது. இருந்தது. அதுவும் எங்கள் மார்க்கமிலேயே இருந்தது.

சரி, முதலில் இருந்து வருகிறேன். மிசிசாகாவின் மேயராக நெடுங்காலம் இருந்த ஹேசல் மக்கலியன் 1940களில் மொன்றியலில் ஐஸ் ஹொக்கி ஆடியவர். ஒரு ஆட்டத்துக்கு அவருக்குக் கிடைத்தது 5 டொலர். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கனடாவில் பெண்கள் சம்பளத்துக்கு ஆடும் லீக் ஒன்று நிலைக்கவில்லை. 1990இல் ஒட்டாவாவில் முதல் பெண்கள் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது கனடா அணிக்கு இளஞ்சிவப்புச் சட்டை போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டையோடு ரொறன்ரோவின் பிளெமிங்டன் பார்க்கில் வளர்ந்த அஞ்சலா ஜேம்ஸ் ஐந்து ஆட்டங்களில் 11 கோல் போட்டார். ஹொக்கி புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்க 2010 ஆகிவிட்டது. எங்கள் கண்காட்சியில் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அவருடைய படத்துக்கு முன்னால்தான். பிளெமிங்டன் பார்க்கில் முந்தி இருந்த குடும்பங்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அந்த மாடிக் கட்டடங்களை அவர்கள் பிள்ளைகளுக்கு விவரித்துச் சொன்னார்கள்.

1998இல் நகானோவில் பெண்கள் ஹொக்கி முதல் தடவையாக ஒலிம்பிக்குக்குள் வந்தது. அடுத்த வருடம் ஒன்ராறியோவில் இருந்த லீக்கை விரித்து தேசிய பெண்கள் ஹொக்கி லீக் என்று தொடங்கினார்கள். அது 2007 வரை ஓடி நின்றது. அப்போது வீராங்கனைகளே கூடி உட்கார்ந்து கனடிய பெண்கள் ஹொக்கி லீக்கை உருவாக்கினார்கள். ஐஸ் வாடகை, சீருடை, பயணம் எல்லாம் லீக்கின் செலவு. சம்பளம் மட்டும் இல்லை. பகலில் வேலை, இரவில் பயிற்சி என்று பத்து வருடம் ஆடினார்கள். 2017இல் முதன்முதலாகச் சம்பளம் வந்தது: முழுப் பருவத்துக்கும் 2,000 டொலரில் இருந்து 10,000 டொலர் வரை.

அதே 2017இல் அந்த லீக்கின் பிரம்ப்டன் தண்டர் அணி மார்க்கமுக்கு வந்து, மார்க்கம் தண்டர் ஆனது. தோர்ன்ஹில் சமூக நிலையத்தில்தான் ஆடினார்கள். எங்களில் பலர் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிற மாதிரி ஒரு இடம். 2018 மார்ச்சில் அந்த அணி லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிளார்க்சன் கிண்ணத்தை வென்றது. சீனாவில் இருந்து ஆடிய குன்லுன் ரெட் ஸ்டாருக்கு எதிராக, மேலதிக நேரத்தில் லோரா ஸ்டேசி போட்ட கோலால் 2–1. எங்கள் நகரத்தின் பெயரைச் சுமந்த அணி இப்படி ஒரு கிண்ணத்தை வென்றிருக்கிறது. எங்கள் வீடுகளில் ஒரு வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. ஒரு ஆட்டத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. 2019 மார்ச் 31ஆம் தேதி, இறுதி ஆட்டம் முடிந்து ஒரு வாரத்தில், லீக்கை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். பணரீதியாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதே காரணம். மார்க்கம் தண்டரும் அதோடு போனது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது. இருக்கைகள் காலியாகக் கிடந்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அதன் பிறகு இருநூறுக்கு மேற்பட்ட வீராங்கனைகள், முறையான தொழில்முறை லீக் ஒன்று வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம் என்று நின்றார்கள். நாலு வருடம் பிடித்தது. 2023இல் இப்போதைய லீக்கான தொழில்முறை பெண்கள் ஹொக்கி லீக் (PWHL) பிறந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடுமுன்பே தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் பருவத்தில் ஆகக் குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர். முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1ஆம் தேதி, ரொறன்ரோவின் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் நடந்தது. கீழே பலசரக்குக் கடை, மேலே ஐஸ். நியூயோர்க் ரொறன்ரோவை 4–0 என்று வென்றது. அந்த வருடம் ஏப்ரலில் மொன்றியல் பெல் சென்ரருக்கு 21,105 பேர் வந்தார்கள். மார்க்கமில் ஆடிய ஜோசலின் லரோக்கைத்தான் ரொறன்ரோ தன் முதல் தெரிவாக எடுத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப இருந்திருக்குத்தானே அன்ரி" என்றாள்.

இந்தப் பருவத்தில் ஸெப்ரர்ஸின் ஆட்டம் ஒன்றுக்குக் கொக்கா கோலா கொலிசியத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போனோம். ரோல்ஸும் தேநீரும் பஸ்ஸுக்குள்ளேயே முடிந்துவிட்டன. அம்மம்மாமார் மூன்று பேர் வந்தார்கள். விதி விளங்கவில்லை என்று தொடங்கியவர்கள், இரண்டாவது பகுதியில் தண்டனைக்கு உட்கார்ந்த பிள்ளைக்காக எழும்பி நின்று வாதாடினார்கள். தண்டனையால் ஆள் குறைந்த அணி கோல் போட்டால் தண்டனை அப்படியே முடிந்துவிடும் என்ற இந்த லீக்கின் விதி அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அரையிறுதியில் ரொறன்ரோ மினசோட்டாவிடம் தோற்றது. மினசோட்டாவே இரண்டாம் முறையும் லீக்கின் வெற்றிக் கிண்ணமான வோல்ரர் கிண்ணத்தை எடுத்தது. 2025–26 பருவத்தில் வன்கூவரும் சியாற்றிலும் சேர, அணிகள் எட்டாகின்றன.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். நாங்கள் வாடகைக்கு எடுக்கும் அரங்கு ஒன்றில் மாலை நேரங்கள் இந்த வருடமும் பையன்களின் அணிகளுக்கே போயின. எங்களுக்குக் கிடைத்தது விடிய ஆறு மணி. இரண்டு கடிதம் எழுதினோம், பதில் வந்தது, நேரம் மாறவில்லை. மூன்றாவது கடிதத்தைப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

அப்புறம், சிறிதாய்ப்போன ஸ்கேட்ஸும் தலைக்கவசமும் வீட்டுக் கராஜில் கிடந்தால் கொண்டுவந்து தாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு ஒரு பஸ் போதாது, இரண்டு பிடிக்கவேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் பரிந்துரை. அதற்கான தீர்மானத்தைத் தலைவி முன்மொழிவார்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்