தலைமடையில் உட்கார்ந்த சித்தப்பா

திருத்துறைப்பூண்டி,
ஆவணி, ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சம்பாவுக்கு நேரடி விதைப்பு, கல்லூரியில் இன்டர்னல் பரீட்சை என்று இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன, அதான் உடனே எழுத முடியவில்லை. முள்ளியாற்றில் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் முறை வரவில்லை. அம்மா சுகம், முட்டிவலிதான் அப்படியே இருக்கிறது.

மல்டிபிளேயர் கேமில் பி.எச்டி பண்ண என்னடி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். உங்கள் கேம் கம்பெனியில், ஆட்டத்தை இறக்கிய ஏழாம் நாள் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று பார்ப்பீர்கள், அதை வைத்து மாற்றுவீர்கள், அவ்வளவுதான் என்கிறாய். திரும்ப வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதில்தான் என் மனசு நிற்கிறது. இந்தக் கேள்வி பழசு. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் சேர்ந்து வளர்த்த, பலர் ஒன்றாக ஆடும் மட் என்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் படமே கிடையாது, வெறும் எழுத்து. அந்த வகை ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் "நமக்கு இதில் என்ன வேண்டும்" என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். அதிலிருந்துதான் பார்ட்டில் 1996-ல் நாலு வகை ஆட்டக்காரர்களைப் பிரித்து எழுதினார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரை வீழ்த்த வருபவர். 2006-ல் நிக் யீ என்கிற ஆய்வாளர் ஆன்லைன் ஆட்டக்காரர்கள் சுமார் 3,000 பேரிடம் கேட்டு ஆராய்ந்ததில், இந்த ஆசைகளெல்லாம் ஒரே ஆளிடம் கலந்தே கிடக்கும் என்று தெரிந்தது. எனக்கு யீ சொல்வதுதான் சரியாகப் படுகிறது. அம்மா பல்லாங்குழி ஆடுவதைப் பார்த்திருக்கிறாயே. ஊர்க்கதை பேசத்தான் உட்காருவாள், ஆனால் ஒரு பசு (குழியில் சேர்ந்ததும் எடுத்துக்கொள்கிற காய்கள்) கை தவறிப் போனால் முகமே மாறிவிடும்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். மார்கோ யான்சன் என்கிற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கொலம்பியா, தாய்லாந்து கிராமங்களில் ஒரு பாசன ஆட்டம் ஆடவைத்து 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வாய்க்காலில் ஐந்து பேர். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 10 வில்லை (டோக்கன்). வாய்க்கால் பராமரிப்புக்கு எல்லாரும் போடுகிற வில்லையைப் பொறுத்துத் தண்ணீர் வரும், பிறகு மேலிருந்து கீழாக வரிசைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். படித்ததும் எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்தது. ஊரார் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாருகிற நம் குடிமராமத்து இல்லையா இது? நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் பிரிகிற தண்ணீர் நம் ஊருக்கு வருவதற்குள் என்னென்ன ஆகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

அதே விதிகளை வைத்து மொபைலில் ஒரு கேம் எழுதினேன். போன ஆடியில் எங்கள் திண்ணையில் முதல் சோதனை. சீட்டு குலுக்கிப் போட்டதில் சித்தப்பாவுக்குத் தலைமடை, அதாவது தண்ணீர் முதலில் வருகிற இடம்; அம்மாவுக்குக் கடைமடை, கடைசி இடம். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடை அண்ணன், ஒன்பதாவது படிக்கிற அவர் பையன்.

சித்தப்பா முப்பது வருஷமாகக் கடைமடையில் பயிர் வைப்பவர். கட்டைவிரலைத் துண்டில் துடைத்துத் துடைத்துத் திரையிலிருந்த மதகை மேலே தள்ளினார், முழுசாகத் திறந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அடுத்த சுற்றில் தூர்வார அம்மா ஒரு வில்லை கூடப் போடவில்லை. அதைப் பார்த்து அக்காவும் குறைத்தாள். நாலாவது சுற்றில் வாய்க்கால் தூர்ந்து, சித்தப்பா வயலுக்கே பாதிதான் வந்தது. போன் கெட்டுப்போச்சோ என்று எட்டி அம்மாவின் போனைப் பார்த்தார். "என்ன அண்ணி, ஒங்க வயலு இப்புடி வெடிச்சுக் கெடக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரே சத்தம். ஐந்தாவது சுற்றிலிருந்து அவர்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள்: ஒரு சுற்று மேல் இரண்டு பேருக்கு, ஒரு சுற்று கீழ் மூன்று பேருக்கு. நான் எழுதிய கோடில் முறை என்று ஒன்று கிடையாது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் என்ன தெரியுமா? சர்வரில் பதிவானது எண் மட்டும்தான். ஐந்தாவது சுற்றில் முதல் ஆள் எடுத்தது குறைந்தது என்று இருக்கிறது. அவர் எட்டிப் பார்த்தது எந்தப் பதிவிலும் இல்லை. எலினார் ஆஸ்ட்ரம், பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண், 2009-ல், பொதுச்சொத்தை ஊரார் தாங்களே பேசிக் காப்பாற்றுவதைத்தான் ஆயுசு முழுக்க ஆராய்ந்தார். ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சும் பார்வையும் எங்கிருந்து வரும்? அதனால் முதல் ஆளின் திரையில், மதகுக்குக் கீழேயே, ஐந்தாவது ஆளின் வயல் சின்னதாகத் தெரிகிற மாதிரி மாற்றினேன்.

இரண்டாவது சோதனையை அவரவர் வீட்டிலிருந்தே ஆட வைத்தேன். அங்கே வேறு சிக்கல். அக்கா வீட்டுக் கொல்லைப்பக்கம் டவரே எடுக்காது. அவள் முறை வந்தபோது ஆட்டம் நாலு நிமிஷம் நின்றது. கீழே இருந்த இருவரும் அவள் வேண்டுமென்றே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்கள். மறுநாள் தண்ணிக் குழாயடியில் பேச்சு தடித்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. நெட் தாமதத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கிளேபூல் தம்பதி 2006-ல் எழுதியது உனக்கும் தெரியும்: சுடுகிற ஆட்டத்தில் 100 மில்லிசெகண்ட் தாண்டினாலே கை பிசகும், மேலிருந்து பார்த்து ஆடும் உத்தி ஆட்டத்தில் 1,000 வரைகூடத் தாங்கும். முறை போட்டு ஆடுவது எதையும் தாங்கும் என்று நம்பியிருந்தேன். கணக்குப்படி தாங்கியதுதான். ஆனால் தாமதத்துக்குக் காரணம் தெரியாதபோது, அது அந்த ஆளின் குணமாகத் தெரிந்துவிட்டது. இதைத்தான் என் ஆய்வின் நடு அத்தியாயமாக வைக்கப் போகிறேன். கைடு, இத்தனை கொஞ்சப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்கிறார். சரிதான், மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கம் இன்னும் சில ஊர்களில் ஆடவைக்க வேண்டும்.

இங்கே உன் உதவி வேண்டும். ஒரு ஆளுக்கு நெட் போய்விட்டால், மற்றவர்கள் திரையில் அதை நீங்கள் எப்படிக் காட்டுகிறீர்கள்? பெயரை மங்க வைக்கிறீர்களா, சின்னம் ஏதும் போடுகிறீர்களா? எத்தனை வினாடிக்குப் பிறகு? காட்டினால் சிலர் அதையே சாக்காக வைத்து நெட்டை அணைத்துவிட்டு ஆடுகிறார்களா? கம்பெனி ரகசியம் இல்லாத அளவுக்கு எழுது.

பொங்கலுக்கு வரும்போது உன்னிடம் பழைய போன் ஒன்றிரண்டு இருந்தால் எடுத்து வா. சித்தப்பா போனில் ஓரம் விரிசல் விட்டுவிட்டது, மதகு இருக்கிற இடத்தில் தொட்டால் வேலை செய்யவில்லை.

அன்புடன்,
உன் தோழி