படகை விடுவதா, இருப்பதா: விடை கற்றுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

மீட்பு மையங்களில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு, பாதையை மாற்றி வந்து ஆளேற்றும் சரக்குக் கப்பல் மாலுமிகளுக்கு, ஹெலிகாப்டர் வீரர்களுக்கு, விபத்துகளை ஆராய்ந்து எழுதியவர்களுக்கு, உயிர்காப்பு மிதவைகளைப் பிரித்துச் சோதித்து மடித்துத் தரும் பட்டறைக்காரர்களுக்கு,

வணக்கம்.

பாய்மரப் படகில் கடலோடுபவர்களுக்கு நாங்கள் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறோம். பெரும்புயலில் படகைக் கைவிடலாமா என்று கேட்பவருக்கு இன்று தயங்காமல் பதில் சொல்கிறோம் என்றால், அந்தப் பதில் உங்களிடமிருந்து வந்தது. வெறுமனே நன்றி என்றால் போதாது. எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, 1979 ஆகஸ்டில் புயலில் சிக்கிய ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியை ஆராய்ந்தவர்களுக்கு. 303 படகுகள் கிளம்பின. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் விட்டு இறங்கிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19 படகுகளும் பிறகு மிதந்தபடி கிடைத்தன. மிதவையை நம்பிப் போன இடத்தில் 7 உயிர்கள் போயின. அவர்கள் விட்டுவந்த படகுகளோ மூழ்கவே இல்லை. காற்றின் மேலும் அலையின் மேலும் பழியைப் போட்டு நீங்கள் அறிக்கையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் படகு படகாகக் கணக்கெடுத்தீர்கள். 'மிதவைக்குள் இறங்கிப் போகாதே, ஏறிப் போ' என்று கடலோடிகள் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் ஆதாரம். படகின் மேல்தளம் தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை படகுதான் உறுதியான இடம். தேடி வருபவர் கண்ணிலும் அதுதான் முதலில் படும்.

தண்ணீர் ஏறுகிறது என்றதும் மிதவையைத் தேடி ஓடாமல், முதலில் அதை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். உப்புக் கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டிதான் உடைந்திருக்கிறது. உப்பு என்றால் தேட வேண்டிய இடங்கள் சிலதான்: படகின் உடலைத் துளைத்துப் போகும் வால்வுகள், சுக்கான் தண்டு, புரொப்பெல்லர் தண்டின் அடைப்பு, கீல் எனும் அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், அணியத்தில் (முன்முனையில்) நங்கூரச் சங்கிலி அறை. அரை மீட்டர் ஆழத்தில் 4 செ.மீ. துளை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் நுழையும். கைப்பம்ப்பை அந்த வேகத்தில் ஒருவரால் வெகுநேரம் அடிக்க முடியாது. ஆனால் மென்மரத்தில் செய்த கூம்பு ஆப்பு ஒன்றை அறைந்துவிட்டால் ஒழுக்கு கசிவாகிவிடும். ஊறி உப்பியதும் இன்னும் இறுகும். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அதற்கான ஆப்பைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டும், பெட்டியில் போட்டு வைத்தால் இருட்டில் கிடைக்காது. பம்ப் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மோட்டார் அல்ல. நனைந்து உரிந்த டப்பா லேபிள்களும் புத்தகத் தாள்களும் வடிகட்டியில் அப்பிக்கொள்கின்றன. வடிகட்டியைக் கையால் துடைக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

பாய்மரம் முறிந்தாலும் படகு போய்விட்டதாகாது. முறிந்த மரம் அதைத் தாங்கிய கம்பியில் தொங்கியபடி பக்கச் சுவரை இடிப்பதுதான் ஆபத்து. கம்பியை வெட்டுவதைவிட, கம்பியின் முனையைப் பூட்டியிருக்கும் கிளெவிஸ் பின்னை, அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை நிமிர்த்திவிட்டுத் தட்டி எடுப்பது பல நேரம் சுலபம்.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத் தொட்டியில் மாதிரிப் படகுகளைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். உடைந்து விழும் அலை பக்கவாட்டில் அடித்தால், படகு நீளத்தில் 30 சதவீத உயரமே சில படகுகளைக் கவிழ்க்கப் போதும். 10 மீட்டர் படகுக்கு 3 மீட்டர் அலை! ஆகவே படகின் பக்கத்தை அலைக்குக் காட்டக் கூடாது. அதற்கு வழி காட்டியவர் டொனால்ட் ஜார்டன். படகின் பின்னால் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும் ஒரே கயிற்றில் வரிசையாகச் சின்னத் துணிக் கூம்புகள்: 4.5 டன் படகுக்கு 100, 9 டன்னுக்கு 116. நுனியில் சங்கிலி எடை. ஒற்றைப் பெரிய டிரோக் (இழுவைத் தடுப்பு) அலை முகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இதில் எப்போதும் சில கூம்புகளாவது நீருக்குள் பிடித்திருக்கும். படகு சறுக்கத் தொடங்கியதுமே கயிறு விறைக்கும். பின்புற மூலைகள் இரண்டிலும் உடலோடு போல்ட் போட்ட பட்டைகளில்தான் இதைப் பூட்ட வேண்டும். சாதாரணக் கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) பெயர்ந்துவிடும். இதை யாரும் செய்துகொள்ளும்படி விவரங்களை வெளியிட்ட அவருக்கு எங்கள் வணக்கம்.

மீட்பு மையத்தாருக்கு ஒரு தனி நன்றி. மூழ்கும்வரை காத்திருந்து 'மே டே' (உயிருக்கு ஆபத்து) என்று வானொலியில் சொல்வதைவிட, நிலைமை கெடும்போதே 'பான் பான்' (அவசரம்) சொல்லுங்கள் என்று நீங்கள் சலிக்காமல் சொல்கிறீர்கள். சீக்கிரம் சொன்னால் அருகில் எந்தக் கப்பல் இருக்கிறது, ஹெலிகாப்டர் எட்டுமா, பகல் வெளிச்சம் மிஞ்சுமா என்பதையெல்லாம் நீங்கள் பார்த்து வைக்க முடியும். மணிக்கொரு முறை பேசலாம் என்று நேரம் குறித்துக்கொள்வதே தவித்துக் கிடக்கும் குழுவுக்குப் பெரிய தெம்பு. அவசரமாகப் படகை விடும் எண்ணம் அதிலேயே பாதி தணிந்துவிடும்.

படகு மிதந்தாலும் ஆளை எடுத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இருந்த இந்தியர் அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்தது, முதுகில் அடிபட்டு அவரால் நகர முடியவில்லை. பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஒசிரிஸ் அவரை மீட்டது. மாறாக அதே போட்டியின் அடுத்த சுற்றில், 2022 நவம்பரில், டாபியோ லெஹ்டினனின் அஸ்டீரியா என்ற படகு ஐந்தே நிமிடத்தில் மூழ்கியது. அங்கே தயங்க நேரமே இல்லை. சகபோட்டியாளர் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் அவரை மிதவையிலிருந்து எடுத்து, தர்யா காயத்ரி என்ற சரக்குக் கப்பலில் ஏற்றினார். கட்டுப்படாத தீ, நிற்காத நீர், உடனடி மருத்துவம் தேவைப்படும் காயம்: இந்த மூன்றையும் நாங்கள் காரணமாக ஏற்கிறோம். களைப்பும் வாந்தியும் பயமும் உண்மையான துன்பங்கள்தான், ஆனால் மிதவையில் அவை மூன்றும் கூடும்.

மாலுமிகளே, புயலில் பெரிய கப்பலை ஒரு சிறு படகின் பக்கத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று அறிவோம். மீட்பின் மிக ஆபத்தான கட்டமும் அதுதான். உங்கள் கப்பலின் இரும்புச் சுவரில் மரம் மோதி முறிந்து தலையில் விழலாம். ஆகவே படகு அலை உச்சியில் இருக்கும்போது ஏணியைப் பிடி, பிடித்ததும் நிற்காமல் ஏறு, அடுத்த அலை காலை நசுக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். மேலிருந்து வரும் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிய பிறகே படகோடு பிணைத்த டெதரை (இடுப்புக் கயிற்றை) கழற்ற வேண்டும். ஹெலிகாப்டர் வீரர்கள் சொன்னதும் நினைவிருக்கிறது: மேலிருந்து இறக்கும் வழிகாட்டிக் கயிற்றைப் படகில் எங்கும் கட்டாதே, வாளிக்குள் சுருட்டு; கொக்கி முதலில் தண்ணீரைத் தொடட்டும், நிலைமின்சாரம் இறங்கட்டும்.

கடைசியாகப் பட்டறைக்காரர்கள். மிதவையை வீசும் முன் அதன் கயிறு உறுதியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று பார். ஏறும் முன்பே வாந்தி மாத்திரை போடு. ஏறியதும் கயிற்றை வெட்டி, மிதவை அடித்துச் செல்லப்படாமல் இழுத்துப் பிடிக்கும் கடல்நங்கூரத்தை இறக்கி, வாசலை மூடு. இவற்றை எங்கள் மாணவர்கள் ஒரு மிதவையை நேரில் ஊதிப் பார்த்துக் கற்பது, சோதனைக்கு வந்ததைத் திறக்கும் நாளில் நீங்கள் அவர்களை உள்ளே விடுவதால்தான். அடியில், மிதவை கவிழாமல் பிடிக்கும் நீர்ப் பைகள் எங்கே இருக்கின்றன என்று பொறுமையாகக் காட்டுகிறீர்கள். அடுத்த பருவத்துக்கும் அந்த அனுமதியைக் கேட்டு வருவோம்.

நன்றியுடன்,
பாய்மரப் படகோட்டப் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள்