வண்டி உதறுனா உடனே இன்ஜினை எறக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். புல்லட்டு உதறுதுன்னு போய் நின்னா நம்ம பாண்டில பல மெக்கானிக்குங்க எடுத்தவுடனே சொல்றது கிராங்க் (பிஸ்டன் அடியை சுத்தா மாத்துற தண்டு) போச்சு, இன்ஜினை எறக்கணும்னுதான். ஒத்தை சிலிண்டர்னா கொஞ்சம் உதறத்தான் செய்யும், பிஸ்டன் மேலயும் கீழயும் அடிக்கிற அடியை கிராங்க் வெயிட்டால முழுசா ஈடுகட்ட முடியாது, அதுக்குத்தான் 2021ல வந்த புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ல பேலன்சர் ஷாஃப்ட்னு உதறலை ஈடுகட்டுற தண்டு ஒண்ணு வச்சாங்க. ஆனா நல்லா ஓடிட்டிருந்த வண்டி திடீர்னு ஃபுட்ரெஸ்ட்ல கால் மரத்துப்போற அளவுக்கு உதறுதுன்னா மொதல்ல இன்ஜினை ஃப்ரேமோட புடிச்சிருக்கிற மவுண்டிங் போல்ட்டைப் பாருங்க, கடல் காத்துல துருப்புடிச்சு லூசாயிருக்கும், ஃப்ரேமும் பிராக்கெட்டும் ஒட்டுற எடத்துல பெயிண்ட் தேஞ்சு செம்மண் கலர்ல துருப்பொடி தெரிஞ்சா கேசு அங்கதான். சும்மா முறுக்கிவிட்டா பத்தாது, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு டைட் பண்ணணும் (அது எத்தனை ஷெட்டுல இருக்கு?). நியூட்ரல்ல ரேஸ் பண்ணா ஒண்ணுமில்ல, ஓட்டும்போது மட்டும் உதறுதுன்னா செயின், வீல் பக்கம் போகணும், செயின் ஒரு எடத்துல டைட்டு ஒரு எடத்துல லூசுன்னு இருந்தா ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்சக்கரம்) செட்டாவே மாத்தணும். இதெல்லாம் பாத்தும் நிக்கலன்னா அப்புறம் கிராங்க், பேரிங். நெஜமாவே போயிருந்துச்சான்னு பாக்க, கழட்டுன பழைய பாகத்தை கஸ்டமர் கையில குடுக்கணும்னு இங்க ஒரு கட்டாயம் வந்தா நல்லாருக்கும்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி